வில்லங்கச் சான்றில் வராத ஓடை

நாளிதழின் உள்பக்கத்தில், காணவில்லை அறிவிப்புக்கும் ஏல விளம்பரத்துக்கும் நடுவே, பொடி எழுத்தில் ஒரு கட்டம் அவ்வப்போது வரும். 'பொது அறிவிப்பு' என்று தலைப்பு. மாவட்டம், வட்டம், கிராமம். அதன் கீழே வரிசையாகச் சர்வே எண்கள், உட்பிரிவுகள், ஏக்கர், சென்ட். இந்தச் சொத்துகளை எங்கள் கட்சிக்காரர் கிரயம் வாங்க இருக்கிறார். பாத்தியம் கொண்டாடுவோர் பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் யாருக்கும் எந்த உரிமையும் இல்லை என்றே கொள்ளப்படும். கீழே ஒரு வழக்கறிஞரின் பெயரும் முகவரியும் இருக்கும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் காட்டைப் பற்றிய அறிவிப்பு என்றால் அதை நான் இரண்டு முறை படிப்பேன். சூரிய மின் நிலையம் அமைக்க 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டியதில்லை என்று மத்திய அமைச்சகம் 2011-லேயே சொல்லிவிட்டது. முன் அனுமதி தேவையில்லை என்றால் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் இல்லை. 2016-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்தத் தொழிலை மாசு குறைந்த 'வெள்ளை' வகையில் வைத்தது. புகை இல்லை, சாயக் கழிவு இல்லை என்பதால் அந்த வகைப்பாட்டில் நியாயம் உண்டு. ஆனால் ஒரு கண்மாயின் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் வேலி வளைக்கப்போகிறது என்றால், ஊரார் அதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள மிஞ்சியிருக்கும் வாசல் பெரும்பாலும் அந்தப் பத்திரிகைக் கட்டம்தான். அரசு கூட்டவேண்டிய கூட்டத்தின் இடத்தில் வாங்குபவரின் வக்கீல் போட்ட விளம்பரம் நிற்கிறது. ஆகவே நில வழக்கறிஞரின் தொழிலை வழக்கமாக எடைபோடும் அளவைவிடக் கனமான ஒரு அளவால் இங்கே எடைபோட வேண்டியிருக்கிறது.

கண்ணெதிரே இருக்கும் உதாரணம் கமுதி. திருச்சுழிக்குப் பக்கத்துத் தாலுகா. 1985-ல் மாவட்டம் பிரியும் வரை இரண்டும் ஒரே இராமநாதபுரம். குண்டாறு திருச்சுழியைத் தாண்டித்தான் கமுதிக்குப் போகிறது. அங்கே அதானி குழுமத்தின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 செப்டம்பர் 21 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. பரப்பு சுமார் 2,500 ஏக்கர், முதலீடு சுமார் 4,550 கோடி ரூபாய், கட்டி முடித்த காலம் எட்டு மாதம் என்று நிறுவனம் அறிவித்தது. ஓரிடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது. தகடுகளையும் மெகாவாட்டையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். நான் அந்த 2,500 ஏக்கரைப் பற்றி யோசிக்கிறேன். தமிழகத்தில் ஒரு சராசரிக் கைவசம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் சற்றுக் குறைவு என்கிறது 2015–16 வேளாண் கணக்கெடுப்பு. அந்தச் சராசரியை வைத்தால் இத்தனை ஏக்கர் சேர ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்ட கைவசங்கள் ஒன்றுகூட வேண்டும். வறண்ட பூமியில் கைவசம் கொஞ்சம் பெரிது என்று கழித்துக்கொண்டாலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்திலும் பாட்டன் பெயரில் பட்டா, சென்னையிலும் திருப்பூரிலும் பிள்ளைகள், கட்டிக்கொடுத்த ஊரில் மகள்கள். இதையெல்லாம் ஒரே வேலிக்குள் சட்டப்படி கொண்டுவருவது மின்பொறியாளரால் ஆகாத காரியம். அது 'லீகல் பார்க்கிற' வக்கீலின் வேலை.

அந்த வேலை ஏன் இத்தனை கடினம் என்பதற்கு நிலத்தின் வரலாற்றுக்குள் போகவேண்டும். இந்தப் பக்கத்து நிலங்களில் பெரும்பகுதி இராமநாதபுரம் சமஸ்தானத்துக்கும் பாலவனத்தம் போன்ற ஜமீன்களுக்கும் உட்பட்டிருந்தவை. 1901-ல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் பாலவனத்தம் ஜமீன்தார்தான். குடிகளுக்குச் சாகுபடி உரிமை உறுதியானது 1908-ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டத்தால். ஜமீன்களையே ஒழித்தது 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம். ஜமீனுக்குள் இருந்த கண்மாய், புறம்போக்கு, தரிசு, பொது நிலம் எல்லாம் அந்தச் சட்டத்தின் கீழ் அரசைச் சேர்ந்தன. உழுதவருக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. இனாம் நிலங்களுக்கு 1963-ல் தனிச் சட்டங்கள் வந்தன. பிறகு 1979 தொடங்கி 1987 வரை நடந்த யுடிஆர் பதிவு மேம்பாடு. கிராமக் கணக்கைத் திருத்துவதற்காக வந்த அந்தத் திட்டம் எத்தனையோ பட்டாக்களில் பெயரையும் எண்ணையும் மாற்றிப் போட்டுவிட்டது. 'யுடிஆர் தப்பு' என்ற சொல் தாலுகா ஆபீசுக்கு ஒருமுறை போய்வந்த எவருக்கும் தெரியும்.

இத்தனை அடுக்கையும் தோண்டிப் பார்க்கிறவர் யார்? சார்பதிவாளர் அல்ல. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி அவர் பத்திரத்தைப் பதிகிறவர். விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்பது அவர் அதிகாரத்தில் இல்லை. மூலப்பத்திரம் காட்டினால்தான் பதிவு என்று தமிழக அரசு கொண்டுவந்த 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது இந்தக் காரணத்தால்தான். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-ல் சேர்த்த 77-ஏ பிரிவையும் சென்னை உயர் நீதிமன்றம் 2024-ல் நீக்கிவிட்டது. பட்டாவும் உரிமையின் முடிவான சான்று ஆகாது, அது வருவாய்க் கணக்கு என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. 1858-ல் தெற்கு ஆஸ்திரேலியாவில் டோரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் இருக்கும் பெயருக்கு அரசே பொறுப்பு. நம் நாட்டில் அப்படியொரு உத்தரவாதத்தைக் கொண்டுவர ஆந்திரத்தில் இயற்றிய 2022-ஆம் ஆண்டுச் சட்டம் மக்களிடம் பெரும் அச்சத்தைக் கிளப்பி 2024-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆக, அரசு உறுதி தராத இடத்தில் வழக்கறிஞரின் லீகல் ஒப்பீனியன்தான் உறுதியாக நிற்கிறது. வங்கி அதை நம்பித்தான் கோடிகளைக் கடன் கொடுக்கிறது.

அந்த ஒப்பீனியன் எப்படி உருவாகிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் புன்செய் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் வக்கீல் முதலில் முப்பது வருடத்துக்கு ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்று, போடுவார். தாய்ப்பத்திரம் கேட்பார். பத்திரமே இல்லாத பூர்வீகச் சொத்தாக இருந்தால் செட்டில்மெண்ட் பதிவேட்டுக்குப் போவார். அ-பதிவேடு, சிட்டா, அடங்கல், புலப்படம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணும் பரப்பும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். நிபந்தனைப் பட்டாவா, 1892 அரசாணையில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா, பூமிதான நிலமா, கோயில் நிலமா என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார். இதில் ஒன்று ஒளிந்திருந்தாலும் திட்டம் பத்து வருடம் கழித்துக்கூட நீதிமன்றத்தில் நிற்கும். நில உச்சவரம்புச் சட்டத்தின்படி ஒரு குடும்பத்துக்கு 15 தர ஏக்கர். தொழில் நிறுவனம் அதற்கு மேல் வைத்திருக்க 37-ஏ பிரிவின் கீழ் அரசின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை எழுதுவதும் அவரே. இப்படி ஐந்நூறு கோப்புகள் சேர்ந்து சென்னைக்கோ மும்பைக்கோ போனபின், அங்கே ஒரு பெரிய சட்ட நிறுவனம் அவற்றைத் தொகுத்துக் கடன் கொடுப்பவருக்கு அறிக்கை தருகிறது. பெயர் அந்த நிறுவனத்துக்குப் போகும். சார்பதிவகப் படியில் மூன்று நாள் உட்கார்ந்து பழைய தொகுதிகளைப் புரட்டியவர் அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ஒரு சிறிய அறையில் இருக்கும் வக்கீல்.

இந்த வேலைக்கு ஊர் கொடுக்கவேண்டிய முதல் மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். கரிசல் கிராமங்களில் பெண்ணுக்கு நகை போட்டுச் சீர் செய்து அனுப்பிவிட்டால் நிலத்தில் அவளுக்குப் பேச்சில்லை என்பது பழைய நடப்பு. 1989 மார்ச் 25 முதல் தமிழகத் திருத்தம் மகளையும் பிறப்பால் பங்காளி ஆக்கியது. அதற்குமுன் கட்டிக்கொடுத்தவர்களை அது விட்டுவிட்டது. 2005-ல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்தது. 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் வினீதா சர்மா தீர்ப்போடு, அந்தத் திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற கேள்வியும் முடிந்தது. இத்தனை நடந்தும் அக்காவைக் கூப்பிடாமலே அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்வதை எந்தச் சட்டப் புத்தகமும் நேரில் வந்து தடுக்கவில்லை. தடுத்தது கம்பெனி வக்கீலின் ஒரு கேள்வி: "உங்க கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு? எல்லாரும் வந்து கையெழுத்துப் போடணும்." வாங்குபவரின் பணத்தைக் காக்கக் கேட்ட கேள்வி அது. ஆனால் நாற்பது வருடம் கழித்து ஒரு பெண் தன் பிறந்த ஊரின் சார்பதிவகத்துக்கு ஆதார் அட்டையோடு வந்து, அப்பன் நிலத்தில் தன் பெயரைக் கேட்டது அந்தக் கேள்வியால்தான். சட்டம் எழுதப்பட்ட நாளுக்கும் ஒரு கிராமத்தில் அது நடப்புக்கு வந்த நாளுக்கும் இடையிலிருந்த தூரத்தை இந்தத் தொழில் குறைத்திருக்கிறது. இதைச் சின்ன விஷயமாக நான் எண்ணவில்லை.

ஆனால் அந்தப் பெண் கையெழுத்துப் போடும் விடுதலைப் பத்திரத்தில் அவளுக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று அதே வக்கீல் கேட்பதில்லை. கையெழுத்து விழுந்துவிட்டால் டைட்டில் சுத்தம். ஐந்தாயிரம் ரூபாயும் ஒரு சேலையும் கொடுத்து வாங்கிய விடுதலையும் சரிபாதி பணம் கொடுத்து வாங்கிய விடுதலையும் ஒப்பீனியனில் ஒரே வரியாகத்தான் வரும். இதை ஒரு தனிமனிதரின் குறையாக நான் பார்க்கவில்லை. அந்தத் தாள் எந்தக் கேள்விக்குப் பதிலாக எழுதப்படுகிறதோ அந்தக் கேள்வியின் அளவு அவ்வளவுதான்: பின்னாளில் யாராவது வழக்குப் போட்டு ஜெயிக்க முடியுமா?

இதே அளவுகோலை அதிகாரப் பத்திரத்துக்கு வைத்துப் பார்த்தால் குறை இன்னும் துலங்குகிறது. ஐந்நூறு குடும்பத்தோடு தனித்தனியாகப் பேச எந்தக் கம்பெனியும் விரும்பாது. உள்ளூர்த் தரகர் அட்வான்ஸ் கொடுத்து ஒவ்வொருவரிடமும் 'பவர்' எழுதி வாங்குவார். நிலம் ஒரு தொகுதியாகச் சேர்ந்ததும் பவர் ஏஜெண்டாகக் கம்பெனிக்குக் கிரயம் செய்து கொடுப்பார். விவசாயிக்குப் போன விலைக்கும் கம்பெனி கொடுத்த விலைக்கும் நடுவில் இருப்பது தரகரின் பங்கு. பவரை வைத்தே விற்பனை முடிந்ததாகக் காட்ட முடியாது, பதிவு செய்த கிரயப் பத்திரம்தான் உரிமையை மாற்றும் என்று 2011-ல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. குடும்பத்துக்கு வெளியே எழுதும் பொது அதிகாரப் பத்திரத்துக்கான பதிவுக் கட்டணத்தைத் தமிழக அரசு 2023 ஜூலையில் சொத்து மதிப்பில் 1 சதவீதமாக உயர்த்தியது. அதுவரை அது 10,000 ரூபாய். வக்கீல்களும் பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகவில்லையா என்று கவனமாகப் பார்க்கிறார்கள். பவர் எழுதிக்கொடுத்தவருக்கு அதன் அர்த்தம் தெரியுமா என்று பார்ப்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லை. முழுப் பணம் வந்தபின் கிரயம் என்று நம்பிக் கைநாட்டு வைத்தவர், தன் நிலம் தனக்குத் தெரியாமலே கைமாறிவிட்டதை வேலிக்கல் ஊன்றும் நாளில் தெரிந்துகொள்வார். பத்திரத்தைப் பொறுத்தவரை அதில் ஒரு பிழையும் இருக்காது.

அவசரமும் சேர்ந்துகொள்கிறது. கமுதித் திட்டத்துக்குத் தமிழ்நாடு மின்வாரியத்தோடு 2015 ஜூலையில் ஒப்பந்தம் ஆனபோது யூனிட் விலை 7 ரூபாய் 1 காசு. அந்த விலை 2016 மார்ச் 31 வரைக்குமானது. அடுத்த நாளிலிருந்து ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயித்தது 5 ரூபாய் 10 காசு. இப்படித் தேதியோடு கட்டிய விலை எந்தத் திட்டத்தில் இருந்தாலும் அதன் பாரம் கடைசியில் நிலக் கோப்பின் மேல்தான் இறங்கும். ஒரு வாரம் தாமதமானால் கம்பெனிக்கு என்ன நஷ்டம் என்பது வக்கீலுக்குத் தெரியும். தங்கை பம்பாயில் இருக்கிறாள், தீபாவளிக்கு வருவாள், அதுவரை பொறுங்கள் என்று சொல்கிற விவசாயியின் நாளும் கம்பெனியின் நாளும் ஒன்றல்ல என்பதும் அவருக்குத் தெரியும்.

இனி நிலத்துக்கு வருகிறேன். இங்கே கண்மாய்கள் தனித்தனியாக நிற்பவை அல்ல. மேல் கண்மாய் நிறைந்து கலுங்கு வழிந்தால் மறுகால் கீழ்க்கண்மாய்க்கு ஓடும். அது நிறைந்தால் அதற்கும் கீழே. மழை ஆண்டுக்குச் சில நாள்தான் வலுத்துப் பெய்கிறது, அந்தச் சில நாள் தண்ணீர் எந்தத் தடையும் இல்லாமல் காட்டின் மேல் வழிந்து வரத்துக்காலுக்கு வந்து சேர்ந்தால்தான் ஊருணியில் மாடு தண்ணீர் குடிக்கும். ஒப்பீனியன் இதைப் பார்க்கிறதா? ஒரு பாதி பார்க்கிறது. புலப்படத்தில் தனி சர்வே எண்ணாக ஓடைப் புறம்போக்கு இருந்தால் நல்ல வக்கீல் அதைக் குறித்து, சொத்து விவரத்திலிருந்து விலக்கிவிடுவார். 1948 சட்டப்படி அது அரசுடையது, வாங்கினாலும் செல்லாது. ஆனால் விலக்கப்பட்ட ஓடைக்கு இரு கரையிலும் உள்ள பட்டா நிலம் முழுவதும் ஒரே கைக்குப் போனபின் அந்த ஓடைக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அறிக்கையில் எழுவதில்லை. மேடு பள்ளம் சமன்செய்யப்படுகிறது. தகடுகளுக்கு நடுவே பாதை போடுகிறார்கள். தண்ணீர் பழைய தடத்தை இழக்கிறது. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் சின்ன வாறுகால்களுக்குச் சர்வே எண்ணே கிடையாது. வில்லங்கச் சான்றில் அடமானம் வரும், ஜப்தி வரும், ஓடை வராது.

தமிழக அரசு 2023-ல் இயற்றி, 2024 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் இந்தக் கவலையைக் கூட்டியிருக்கிறது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்ட நிலத்துக்குள் ஓடை, வாய்க்கால், குளம் இருந்தால், அதைச் சிறப்புத் திட்டமாக அறிவித்து அரசு நிலத்தையும் தனியார் நிலத்தையும் மாற்றி ஒருங்கிணைக்க அது வழி செய்கிறது. விவசாயச் சங்கங்களும் சூழலியலாளர்களும் எதிர்த்தது இதனால்தான். இதுவரை ஓடைப் புறம்போக்கு என்றால் வக்கீல் 'விலக்கு' என்று எழுதினார். இனி 'விண்ணப்பிக்கலாம்' என்று எழுத இடம் பிறந்திருக்கிறது. எழுத்தில் இது ஒரு சொல் மாற்றம். கண்மாய்க்கு அது வரத்து மாற்றம்.

தாளில் இல்லாத மனிதர்களும் உண்டு. அறுப்பு முடிந்த காட்டில் கிடை போட்டு ஆடு மேய்க்கும் கீதாரிக்கு எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லை. அடுத்தவர் நிலத்தை வாய்ப்பேச்சில் வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுத்துக் குதிரைவாலியும் கம்பும் மல்லியும் விதைப்பவருக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அந்த உரிமையைப் பதிந்துகொள்ள 1969-ல் தனிச் சட்டமே வந்தது. மானாவாரியில் அதைப் பதிந்துவைத்தவர் அரிது. காட்டின் ஊடே போகும் வண்டிப்பாதையும் அனுபவப் பாத்தியத்தில் வருவதுதான்; 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் அதை ஏற்கிறது. பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை சொல்லச் சொல்லும் அந்த நாளிதழ்க் கட்டம் இவர்களில் யாருக்கும் எழுதப்படவில்லை. ஊர்ப்பெயர் அதில் இருக்கும், காட்டின் பெயர் இருக்காது. 'மஞ்சணத்தி மேடு' என்றால் புரிந்துகொள்பவருக்கு '214/3பி' என்றால் என்ன தெரியும்?

இங்கே ஒரு வக்கீல் நண்பர் குறுக்கிட்டால் அவர் வாதத்தில் வலு இருக்கிறது. நான் கட்சிக்காரருக்கு வேலை செய்கிறவன். ஓடையைக் காப்பது நீர்வளத் துறையின் வேலை, குத்தகைதாரரைக் காப்பது வருவாய்த் துறையின் வேலை, கருத்துக் கேட்பு நடத்துவது அரசின் வேலை. அவர்கள் செய்யாததற்கு என்னை ஏன் நிறுத்துகிறீர்கள்? இரு கட்சிக்கும் வேலை பார்க்கும் வக்கீல் யாருக்கும் உண்மையாக இருக்க மாட்டார். இந்த வாதத்தின் கடைசி வரியை நான் முழுமையாக ஏற்கிறேன். முதல் பகுதியை ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் வேறு. இந்தத் தொழிலுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் சாதாரணமானதல்ல. தவறான ஒப்பீனியன் கொடுத்தார் என்பதற்காக மட்டும் வக்கீல் மேல் குற்ற வழக்கு நிற்காது, சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்று 2012-ல் நாராயண ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே மாதம் சொன்னது. இரண்டும் தொழிலின் சுதந்திரத்துக்குத் தேவையான தீர்ப்புகளே. அந்தச் சுதந்திரம், இது கூலிவேலைக்கு மேற்பட்ட ஒன்று, நீதி நிர்வாகத்தின் ஓர் உறுப்பு என்ற நம்பிக்கையின் பேரில் கிடைத்தது. அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டபின், எனக்குக் கொடுத்த கேள்விக்கு மட்டும் பதில் எழுதினேன் என்பது போதாது.

உண்மையான ஓட்டை வக்கீலின் மனசாட்சியில் இருப்பதாகவும் நான் நினைக்கவில்லை. மேசையின் ஒரு பக்கத்தில் சென்னை நிறுவனம், அதன் கீழ் மதுரை வக்கீல், அதன் கீழ் உள்ளூர் வக்கீல், சர்வேயர், தரகர். மறுபக்கத்தில் விற்பவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவருக்காகப் பேச வந்தவர் என்று இருந்தால் அது பத்திர எழுத்தர். அவருக்கும் கூலி வாங்குபவர் தருவது. விற்பவருக்கு வக்கீல் இல்லாததால் கேட்கப்படாமல் போன கேள்விகளில் முதலாவது: விற்கத்தான் வேண்டுமா?

கர்நாடகத்தில் துமகூரு மாவட்டம் பாவகடாவும் நம்மைப்போல வறண்ட பூமிதான். அங்கே சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா எழுந்தது. ஐந்து கிராமத்து விவசாயிகள் நிலத்தை விற்கவில்லை, 28 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. பட்டா அவர்கள் பெயரிலேயே இருக்கிறது. அங்கேயும் நிலமற்ற கூலிகளுக்கும் ஆடு மேய்ப்பவர்களுக்கும் விடிவு வரவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னவனாவேன். ஆனால் மின் கொள்முதல் ஒப்பந்தம் 25 ஆண்டு. அதற்கு எதற்கு நிரந்தரக் கிரயம்? தமிழகத்தில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், முப்பது ஆண்டுக்கு உட்பட்ட குத்தகைக்கு 1 சதவீதம். குத்தகை உரிமையையும் வங்கி அடமானமாக ஏற்க முடியும். கம்பெனி கிரயத்தை விரும்புவது புரிகிறது. விற்பவரும் அதையே விரும்பினார் என்று முடிவுகட்ட, அவர் முன் இரண்டு தாளையும் வைத்து ஒருவர் விளக்கியிருக்க வேண்டும்.

நிலத்தின் நாளைய விலையும் இதில் இருக்கிறது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டினார்கள். மொத்தம் சுமார் 262 கிலோமீட்டர். கடைசிப் பகுதி வைகையிலிருந்து குண்டாற்றுக்கு. எப்போது முடியும் என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருநாள் தண்ணீர் வந்தால், இன்று வறண்ட காடு என்ற விலைக்கு விற்றவரின் பேரன் அந்தத் தண்ணீரை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பான். வாங்குபவரின் வக்கீல் இதை விற்பவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்பதே என் குறை.

அரசே எடுத்துக் கொடுக்கும் வழி மேலானதா என்றால், அதுவும் சுத்தமில்லை. விருதுநகர் இ.குமாரலிங்கபுரத்தில் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்கு 1,052 ஏக்கர் சிப்காட் நிலம். அங்கே தனித்தனிப் பத்திரங்களின் சிக்கல் புதிதாக வருபவருக்கு இல்லை. ஆனால் தொழில் நோக்கத்துக்கான 1997-ஆம் ஆண்டுத் தமிழக நில எடுப்புச் சட்டத்தை 2019-ல் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது, மாநில அரசு அதே ஆண்டில் உயிர்ப்பித்தது, 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2013-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு இந்த வழியில் கிடையாது. நேரடிக் கிரயத்தில் விவசாயிக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமையாவது இருக்கிறது. அதனால்தான் நான் நேரடிக் கிரயத்தையும் அதை நடத்தித் தரும் வழக்கறிஞரையும் ஒழிக்கச் சொல்லவில்லை.

என் முடிவைச் சொல்கிறேன். டைட்டிலைக் காக்கும் தொழிலாக இது தேர்ச்சி பெற்றது. அரசு கைவிட்ட இடத்தில் நின்று, தனக்கே தெரியாமல் பெண்களின் பங்கையும் பஞ்சமி நிலத்தையும் சில இடங்களிலாவது காத்திருக்கிறது. நிலத்தைக் காக்கும் ஏற்பாடாக இது தோற்றது. ஊருக்குக் கிடைக்கும் ஒரே அறிவிப்பைத் தன் கையில் வைத்திருந்தும், அதை ஊருக்குப் புரியும்படி சொல்லாததால் தோற்றது. முதல் மதிப்பெண் இரண்டாவதை ஈடுகட்டாது.

சரிசெய்யப் பெரிய சட்டம் வேண்டியதில்லை. அந்தப் பொது அறிவிப்பு சர்வே எண்ணோடு காட்டுப்பெயரும், எந்தக் கண்மாயின் வரத்தில் இருக்கிறது என்பதும் சேர்ந்து, ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்டப்பட வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி, ஒப்பீனியனோடு மறுகால் வரைபடம் ஒன்றையும் கேட்டால், அதை வரைந்து கொடுக்கும் திறன் உள்ளூர் வக்கீலுக்கும் சர்வேயருக்கும் இன்றே இருக்கிறது. விற்பவரின் பக்கத்துக்கு ஆள் இல்லை என்ற குறைக்கும் வழி ஏற்கனவே எழுதப்பட்டிருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, எந்த வருமானத்தில் இருந்தாலும் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வரும் அக்கா அந்தப் பிரிவுக்குள் வருகிறாள். பதிவு நாளுக்கு முந்தைய வாரம் அவள் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போய், கையிலிருக்கும் பத்திர நகலை ஒரு வழக்கறிஞர் முன் வைத்து, எனக்கு என்ன வரும், என்ன போகும் என்று கேட்கலாம். அப்படியொரு இடம் இருப்பதை அவளிடம் சொல்லவேண்டிய முதல் ஆள், அவள் கையெழுத்து வேண்டும் என்று ஆளனுப்பிய அந்த வக்கீல்தான்.